எந்த மாடல் ஜெயித்தது என்பதா கேள்வி?

அமெரிக்காவின் கிழக்குக் கரைக்குப் பனிப்புயல் வருகிறது என்றால் போதும், இணையத்தில் ஒரு கிரிக்கெட் மேட்ச் ஆரம்பித்துவிடும். "ஐரோப்பிய மாடல் 25 அங்குலம் சொல்லுது", "அமெரிக்க மாடல் 8 தான் சொல்லுது" என்று இரண்டு கோஷ்டிகள். இந்தச் சண்டையே அபத்தம் என்பது என் கட்சி.

ஐரோப்பிய மாடலுக்கு இவ்வளவு மவுசு வரக் காரணம் 2012-ல் வந்த சாண்டி புயல். அது கரைப்பக்கம் திரும்பும் என்று ஐரோப்பிய மையம் ஒரு வாரம் முன்பே கணித்தது. அமெரிக்காவின் ஜி.எஃப்.எஸ். மாடலோ, புயல் கடலுக்குள் போய்விடும் என்று சில நாட்கள் காட்டிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து 'யூரோ' சொன்னால் வேதவாக்கு.

2015 ஜனவரி 26. நியூயார்க் நகரத்துக்கு 20 முதல் 30 அங்குலம் பனி என்றது தேசிய வானிலை சேவை. யூரோ சொன்னதும் அந்த ரகம்தான். ஜி.எஃப்.எஸ். குறைவாகச் சொன்னது, யாரும் கண்டுகொள்ளவில்லை. சுரங்க ரயிலையே நிறுத்தினார்கள். அதன் 110 ஆண்டு வரலாற்றில் பனிக்காக நிறுத்தியது அதுவே முதல்முறை. விடிந்து பார்த்தால் சென்ட்ரல் பார்க்கில் 9.8 அங்குலம்!

உடனே "யூரோ ஃபெயில், ஜி.எஃப்.எஸ். பாஸ்" என்று கிளம்பிவிட்டார்கள். கொஞ்சம் பொறுங்கள். அதே புயல் பாஸ்டனில் இரண்டடிக்கு மேல் கொட்டியது. உஸ்டரில் 34.5 அங்குலம். அங்கே யூரோ பாஸ்தானே? இன்னொரு வேடிக்கை: என்.ஏ.எம். என்ற இன்னொரு அமெரிக்க மாடலும் அன்று யூரோ பக்கம்தான் நின்றது. இதில் ஐரோப்பா எங்கே, அமெரிக்கா எங்கே?

நடந்தது இதுதான். கனமான பனிப்பட்டைக்கு மேற்கே விளிம்பு கத்தி வைத்து வெட்டினாற்போல இருந்தது. நியூயார்க் அந்த விளிம்பில். புயல் சில பத்து மைல் கிழக்கே தள்ளிப்போனது, கதையே மாறிவிட்டது. ஒரு பெருங்கடல் புயலைக் கணிப்பதில் இது சின்னப் பிழை. ஆனால் விளிம்பில் இருக்கும் ஊருக்கு அதுவே எல்லாம்.

"சரி, இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால்?" என்பார் ஒரு புத்திசாலி. 8-ம் 25-ம் சேர்ந்தால் பதினாறரை. அது எந்த மாடலும் சொல்லாத எண், சார்!

ஆரம்ப நிலவரத்தைத் துளித்துளி மாற்றி ஒரே மாடலைப் பலமுறை ஓட்டும் 'என்சாம்பிள்' முறை எதற்கு இருக்கிறது? ஐரோப்பிய மையம் இப்படி 51 தடவை ஓட்டுகிறது. அந்த 51-ம் சிதறிக் கிடந்தால், மாடல்களும் ஆளுக்கொன்று சொன்னால், அந்தச் சிதறல்தான் செய்தி. "அதிகம் எதிர்பார்ப்பது இவ்வளவு, ஆனால் பாதிகூட விழாமல் போகலாம்" என்று மக்களிடம் சொல்ல வேண்டும். குழம்பிவிடுவார்களாம்! ரயிலை நிறுத்தி, பிறகு ஃபிலடெல்ஃபியா பகுதி வானிலை அதிகாரி ட்விட்டரில் மன்னிப்புக் கேட்க நேர்ந்ததைவிடவா அது பெரிய குழப்பம்?

2025-ல் ஐரோப்பிய மையம் செயற்கை நுண்ணறிவு மாடலையும் களத்தில் இறக்கிவிட்டது. இனி மூன்றாவதாக ஒரு கோஷ்டி சேரும். மேட்ச் பார்க்கிறவர்கள் பாருங்கள். மாடல்கள் ஏன் முரண்படுகின்றன என்று கேட்கிறவர்கள்தான் அடுத்த புயலுக்குத் தயாராக இருப்பார்கள்.