பூட்டைக் கழற்றச் சொல்லாதீர்கள்

நவம்பர் பிறந்தால் போதும், கொல்கத்தாவில் லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் பழைய லேப்டாப்புகள் வரத் தொடங்கிவிடும். ஓய்வூதியக்காரர்கள் உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்க வேண்டிய மாதம் அது. 2014 நவம்பரில் ஜீவன் பிரமாண் என்ற டிஜிட்டல் உயிர்வாழ் சான்றிதழ் திட்டம் வந்த பிறகு, வங்கியில் வரிசையில் நிற்காமல் கைரேகை வைத்தே சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம். நடக்க முடியாதவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பதை இந்தத் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். ஆனால் பெரியவர்கள் வீட்டில் இருப்பது பிள்ளைகள் பெங்களூருக்கும் அமெரிக்காவுக்கும் போகும்போது விட்டுச்சென்ற விண்டோஸ் 7 கணினி. எந்தத் தளத்தைத் திறந்தாலும் அது எச்சரிக்கை காட்டி நின்றுவிடுகிறது.

இந்த ஊரில் ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். அதனால் தமிழ் மாமிகளும் வங்காளி மாஷிமாக்களும் உரிமையோடு படியேறி வருகிறார்கள். வருகிறவர்களில் பாதிப் பேர் கையிலேயே ஒரு வைத்தியமும் இருக்கும்: “செக்யூரிட்டி செட்டிங்கைக் குறைச்சுடு, எல்லாம் திறக்கும்னு பையன் சொன்னான்.” அந்த வைத்தியம்தான் தவறு. அதை நம் மக்களுக்குப் பல வருஷம் பாடமாகச் சொல்லிக்கொடுத்தவை அரசுத் தளங்களே என்பதில் எனக்கு இன்னும் ஆறாத கோபம் உண்டு.

டிஜிட்டல் கையெழுத்து டோக்கனைச் செருகி டெண்டர் போட்டவர்களையும், கம்பெனிக் கணக்கு தாக்கல் செய்தவர்களையும் கேளுங்கள். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில்தான் திறக்க வேண்டும், ஆக்டிவ்எக்ஸை அனுமதிக்க வேண்டும், இந்தத் தளத்தை நம்பகமான தளங்களின் பட்டியலில் சேர்க்க வேண்டும், பாப்-அப் தடையை எடுக்க வேண்டும், ஜாவாவின் விதிவிலக்குப் பட்டியலில் முகவரியைப் போட வேண்டும் என்று கையேடுகள் பக்கம் பக்கமாகப் படம் போட்டு விளக்கின. இதற்கிடையே உலகம் நகர்ந்துவிட்டது. ஜாவா போன்ற செருகுநிரல்களை குரோம் 2015 செப்டம்பரில் முழுவதுமாக நிறுத்தியது. ஃபிளாஷ் ஒன்றைத் தவிர மற்றவற்றை ஃபயர்பாக்ஸ் 2017 மார்ச்சில் கைவிட்டது. 2020 முடிவோடு ஃபிளாஷும் போயிற்று. 2022 ஜூன் 15 அன்று மைக்ரோசாஃப்ட் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கே விடைகொடுத்தது. ஆனாலும் எட்ஜ் பிரவுசருக்குள் பழைய எக்ஸ்ப்ளோரரைப் போல ஓடும் ஒரு வசதியைக் குறைந்தது 2029 வரை தருவதாக அதே நிறுவனம் சொல்லியிருக்கிறது. காலாவதியான தளங்களை நம்பி அத்தனை அலுவலகங்கள் உலகெங்கும் இருக்கின்றன.

ஒரு தளம் அசல்தான் என்று பிரவுசருக்குக் காட்டும் சான்றிதழ் போலியானால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் நம் நாட்டிலேயே இருக்கிறது. 2014 ஜூலையில், தேசிய தகவல் மையத்தின் சான்றிதழ் பிரிவிலிருந்து கூகுளின் முகவரிகளுக்கு அனுமதியற்ற சான்றிதழ்கள் வெளியாகியிருந்ததை கூகுள் கண்டுபிடித்தது. மற்றச் சான்றிதழ்களுக்கு ஆதாரமான இந்திய அரசின் மூலச் சான்றிதழை விண்டோஸ் நம்பியது. அதனால் விண்டோஸில் ஓடிய பெரும்பாலான மென்பொருள்கள் அந்தப் போலிகளையும் நம்பியிருக்கும். ஃபயர்பாக்ஸ் தன் நம்பிக்கைப் பட்டியலைத் தனியாக வைத்திருந்ததால் தப்பியது. போலிகள் உடனே ரத்தாயின. சில நாட்களுக்கேனும் ஒருவருடைய மின்னஞ்சலை இடையில் புகுந்து படிக்க வழி திறந்திருந்தது. பிரவுசர் காட்டும் சிவப்பு எச்சரிக்கைத் திரை இப்படிப்பட்ட போலிகளைத் தடுக்கத்தான் இருக்கிறது.

சரி, திரை வந்தால் என்ன செய்வது? நான் முதலில் பார்ப்பது வலது கீழ் மூலையில் இருக்கும் தேதியை. கோடையில் காலபைசாகி இடி மின்னலோடு அடிக்கும்போது இந்த ஊரில் பிளக்கைப் பிடுங்கிவிடுவார்கள். பிறகு மாசக்கணக்கில் போட மாட்டார்கள். மதர்போர்டில் நாணயம் போல ஒரு சின்ன பேட்டரி இருக்கிறது, சிஆர்2032 என்று பெயர். அது தீர்ந்துவிட்டால் கணினி தன் தேதியை மறந்து பல வருஷம் பின்னால் போய்விடும். இன்றைய சான்றிதழ்கள் எல்லாம் இன்னும் தொடங்காதவையாக அதற்குத் தெரியும். ஒரு தளம் விடாமல் எல்லாவற்றையும் சந்தேகிக்கும். கடிகாரம் பின்தங்கியிருக்கிறது என்று குரோம் எழுதியே காட்டும், யாரும் படிப்பதில்லை. சாந்தினி மார்க்கெட் சந்துகளில் அந்த பேட்டரியைச் சில்லறைக் காசுக்கு வாங்கலாம். கடைப்பையன் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் பக்கத்துக் கொக்கியை மெல்ல அழுத்துவான், பழையது துள்ளி வெளியே வரும், எழுத்துப் பக்கம் மேலே இருக்கும்படி புதியதை வைத்து அழுத்துவான். பிறகு தேதியைச் சரிசெய்தால் சிவப்புத் திரைகள் ஒன்றாக மறைந்துவிடும். செக்யூரிட்டி செட்டிங்கைத் தொடவே வேண்டாம்.

தேதி சரியாக இருந்தும் திரை வந்தால், கணினிக்குள் இருக்கும் மூலச் சான்றிதழ் காலாவதியாகியிருக்கலாம். 2021 செப்டம்பர் 30 அன்று, லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற இலவசச் சான்றிதழ் அமைப்பு நம்பியிருந்த பழைய மூலச் சான்றிதழ் ஒன்று முடிந்தபோது, அப்டேட் காணாத கருவிகள் பல தளங்களைத் திறக்க மறுத்தன. விண்டோஸ் 7-இன் பழைய எக்ஸ்ப்ளோரர் என்றால் இன்னொன்று: பாதுகாப்பான இணைப்புக்கான டிஎல்எஸ் 1.2 அதில் இருக்கிறது, ஆனால் டிக் செய்யப்படாமல் கிடக்கும். இன்டர்நெட் ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்டு பகுதிக்குப் போய் டிக் செய்ய வேண்டும். கவனியுங்கள், இங்கே பாதுகாப்பைக் கூட்டினால்தான் தளம் திறக்கிறது.

பிரவுசரில் சேர்த்துக்கொள்ளும் ஆட்-ஆன்கள் திடீரென்று செத்துப்போவதும் பெரும்பாலும் காலாவதிச் சமாச்சாரம்தான். 2019 மே 4 காலை உலகம் முழுவதும் ஃபயர்பாக்ஸ் ஆட்-ஆன்கள் முடங்கின. அவற்றுக்குக் கையெழுத்திட்ட சான்றிதழின் கெடு முடிந்திருந்தது. நிறையப் பேர் கணினித் தேதியைப் பின்னுக்குத் தள்ளினார்கள், சிலர் கையெழுத்துச் சோதனையையே நிறுத்தினார்கள். மறுநாளே திருத்திய பதிப்பு வந்துவிட்டது. நிறுத்தியதைத் திரும்பப் போட எத்தனை பேருக்கு நினைவிருந்திருக்கும்? 2025 மார்ச் 14 அன்று இன்னொரு மூலச் சான்றிதழ் முடிந்தது; 128-க்கு முந்தைய பதிப்பு வைத்திருந்தவர்களுக்கு, பழைய கணினிகளுக்கான 115.13 முதலான பதிப்புகளைத் தவிர, ஆட்-ஆன் பிரச்சினை வரும் என்று மொசில்லா முன்கூட்டியே அறிவித்தது. விண்டோஸ் 7-க்கு குரோம் 109-உடன் நின்றுவிட்டதால், அந்தக் கணினிகளில் நான் ஃபயர்பாக்ஸ் 115-ஐத்தான் போட்டுக்கொடுக்கிறேன். தேவையில்லாத ஆட்-ஆன்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்ப்பேன். கூப்பன் தருகிறேன், பிடிஎஃப் மாற்றுகிறேன் என்று தானாக வந்து உட்கார்ந்தவைதான் பெரும்பாலும் குற்றவாளிகள்.

இதில் இத்தனை பிடிவாதம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இந்த ஊரையே காட்டுவேன். சால்ட் லேக் செக்டர் 5-இலும் நியூ டவுன் பக்கத்திலும் போலி கால் சென்டர்களில் போலீஸ் எத்தனையோ முறை சோதனை நடத்தியிருக்கிறது. உங்கள் கணினியில் வைரஸ் என்று திரையில் பயமுறுத்தி, மைக்ரோசாஃப்டிலிருந்து பேசுவதாகச் சொல்லி, தூரத்திலிருந்து கணினியை இயக்கும் மென்பொருளை இறக்கவைத்து, வெளிநாட்டு முதியவர்களின் பணத்தைச் சுருட்டிய கூட்டங்கள் அவை. அதே வித்தையில் நம் பெரியவர்களும் பணம் இழக்கிறார்கள். மோசடிக்காரன் சொல்வது என்ன? அனுமதி என்பதை அழுத்துங்கள், எச்சரிக்கை வந்தால் தாண்டிப் போங்கள், நான் சொல்வதை இறக்குங்கள். அரசின் கையேடும் இதையேதான் சொல்லியது. எது யார் குரல் என்று எழுபது வயதுக்காரர் எப்படிப் பிரித்தறிவார்? சாவி திரும்பவில்லை என்பதற்காக வீட்டுப் பூட்டையே கழற்றச் சொல்லிப் பழக்கிவிட்டு, பிறகு திருடர் ஜாக்கிரதை என்று விளம்பரம் கொடுப்பதில் நியாயம் இல்லை.

அரசுத் தளங்களுக்கான வழிகாட்டு நெறிகள் 2009-லேயே வந்துவிட்டன. பல பிரவுசர்களில் சோதிக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. அதை நடைமுறையில் காட்டுங்கள். பத்து வருஷப் பழைய கணினி ஒன்றை மேஜைமேல் வைத்து, அதில் திறந்து பார்த்துவிட்டுத் தளத்தை வெளியிடுங்கள். எந்தப் பதிப்புக்குக் கீழே ஓடாது என்பதை முகப்பிலேயே வங்க மொழியிலும் தமிழிலும் எழுதுங்கள். பாதுகாப்பைக் குறைக்கச் சொல்லும் கையேடு ஒன்றுகூட இணையத்தில் மிச்சமிருக்கக் கூடாது. 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கும் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டதால், பழைய கணினிகளின் எண்ணிக்கை இனி கூடத்தான் போகிறது.

அதுவரை கணினி இல்லாத வழிகளை மூடிவிடாதீர்கள். வங்கிக் கிளையில் காகிதச் சான்றிதழ் கொடுக்க இன்றும் விதி இடம் தருகிறது. எண்பது கடந்த மத்திய அரசு ஓய்வூதியர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். தபால்காரர் வீட்டுக்கே கருவியோடு வந்து கைரேகை எடுத்துக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு. எங்கள் மாடியில் இருக்கும் மாமாவுக்கு அந்த வழியைத்தான் ஏற்பாடு செய்துகொடுத்திருக்கிறேன். அவருடைய லேப்டாப்பில் ஒரு செட்டிங்கையும் நான் குறைக்கவில்லை.