பழைய இசைத்தட்டும் புதிய குரலும்

'சோல்' இசையை விரும்புவோருள் ஒரு சாரார், அவ்விசை 1960களில் தழைத்து, 1970களில் முதிர்ந்து, அத்துடன் மாண்டுவிட்டது என்று முடிவு கட்டிவிட்டனர். அந்நாளில் வானொலியில் ஓயாது ஒலித்த இருபது முப்பது பாடல்களே அவர்களுக்கு வேதம். பின்னர் வந்தவை போலி; பின்னர் வந்தோர் படியெடுப்போர். இத்தீர்ப்பு முதிர்ந்த இரசனைபோல் தோற்றமளிக்கிறது. உண்மையில் இஃது இரசனையின் சோம்பலே ஆகும். பாட்டைச் சுவைத்தல் வேறு. அப்பாட்டைக் கேட்ட தம் இளமையை எண்ணி மகிழ்தல் வேறு. இரண்டையும் ஒன்றெனக் கொள்வோர் புதிய பாடகர்க்கு மட்டுமன்றிப் பழைய பாடகர்க்கும் நீதி செய்வதில்லை.

'சோல்' என்னும் ஆங்கிலச் சொல் ஆன்மாவைக் குறிக்கும். அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயங்களே இவ்விசையின் பிறப்பிடம். ஒருவர் ஒரு தொடரை எடுத்துப் பாட, சபையார் ஒருமித்து மறுமொழி தருவர். குரல் உடையும், உடைந்தவிடத்திலேயே உயர்ந்தெழும். வழிபாட்டிற்குரிய அம்முறையை உலகியல் பாட்டிற்குக் கொண்டு வந்தோர் அன்றைய புதியவர்கள். 1954இல் அட்லாண்டா நகரின் வானொலி நிலையம் ஒன்றில் ரே சார்ல்ஸ், 'ஐ காட் எ வுமன்' என்னும் காதற்பாட்டைப் பதிவு செய்தார். அது கிறித்துவப் பத்திப் பாடல் ஒன்றைத் தழுவியது. பக்தர்கள் வெகுண்டனர். 'சோல் ஸ்டிரர்ஸ்' என்னும் பத்திக் குழுவின் தலைமைப் பாடகராயிருந்த சாம் குக், 1957இல் காதற்பாட்டுப் பாடிப் புகழ்பெற்றபோதும் அத்தகைய கண்டனமே எழுந்தது. இன்று மரபின் மூலவர் என வணங்கப்படுவோர் அன்று மரபை மீறியோர் எனத் தூற்றப்பட்டவர்களே. இதனை மறந்துவிட்டு மரபைப் பற்றிப் பேசுவது எங்ஙனம் பொருந்தும்?

வானொலியின் தொண்டை எவரும் மறுப்பதற்கில்லை. மெம்ஃபிஸ் நகரின் டபிள்யூ.டி.ஐ.ஏ. நிலையம் 1948 முதல் கறுப்பின நேயர்களைக் கருத்திற்கொண்டு நிகழ்ச்சிகளை அமைக்கத் தொடங்கியது. 1949இல் அட்லாண்டாவின் டபிள்யூ.இ.ஆர்.டி. நிலையத்தை ஜெஸ்ஸி பிளேட்டன் விலைக்கு வாங்கி, வானொலி நிலையமொன்றை உடைமையாக்கிக்கொண்ட முதல் கறுப்பின அமெரிக்கரானார். உணவகத்திலும் பேருந்திலும் நிறம் பார்த்துப் பிரித்த நாட்டில் வானலை பிரிவினை அறியாது பரவிற்று. வெள்ளையர் இளைஞரும் கறுப்பினத்தவரின் குரலைத் தம் வீட்டிலிருந்தே கேட்டனர்.

ஆயினும், வானொலி தந்த நினைவு குறைபட்ட நினைவு. 1963இல் லூசியானா மாநிலத்தில் சாம் குக்கிற்கு விடுதி ஒன்றில் இடம் மறுக்கப்பட்டது. அவ்வடுவும் சேர்ந்து உருவான 'எ சேஞ்ச் இஸ் கோனா கம்' என்னும் பாடல் 1964 சனவரியில் பதிவாயிற்று. அவ்வாண்டு திசம்பரில் அவர் சுடப்பட்டு இறந்தார். அதே மாதம் வெளிவந்த சிறு இசைத்தட்டில், நிறவேற்றுமையைத் தொட்ட கண்ணி நீக்கப்பட்டிருந்தது. வானொலியில் கேட்டதே முழுமை என்போர் வெட்டப்பட்ட பாட்டையே முழுப்பாட்டென்று போற்றினர்.

டெட்ராய்ட் நகரில் பெர்ரி கோர்டி 1959இல் தொடங்கிய 'மோடவுன்' நிறுவனத்தின் வெற்றிப் பாடல்களுக்குப் பின்னணி இசைத்தோர் 'ஃபங்க் பிரதர்ஸ்' எனப்பட்ட கலைஞர். மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' இசைத்தொகுப்பு 1971இல் வெளிவரும்வரை அந்நிறுவனத்தின் தொகுப்புகளில் அவர்தம் பெயர் அச்சேறவில்லை.

'ரெஸ்பெக்ட்' பாடலின் கதை இன்னும் கசப்பானது. அதனை இயற்றி 1965இல் பாடி வெளியிட்டவர் ஓட்டிஸ் ரெடிங். 1967இல் அரீத்தா பிராங்ளின் பாடியபோது அது பெண்ணுரிமையின் முழக்கமாயிற்று. அமெரிக்கச் சட்டப்படி, பண்பலை முதலிய வழக்கமான வானொலிகள் ஒரு பாட்டை ஒலிபரப்பினால் இயற்றியவர்க்கு உரிமைத்தொகை உண்டு, பாடியவர்க்கு இல்லை. மதிப்பைக் கேட்டுப் பாடிய குரலுக்கு வானொலி அளித்தது புகழ் மட்டுமே. பழமையைப் போற்றுவோர் இவற்றையும் சேர்த்தன்றோ நினைவுகூர வேண்டும்?

இனி, 'சோல் மாண்டுவிட்டது' என்னும் கூற்றை நோக்குக. ஷேரன் ஜோன்ஸ் 1956இல் பிறந்தவர். சிறைக் காவலராகப் பணியாற்றினார். திருமண விருந்துகளில் பாடினார். அவர்தம் முதல் இசைத்தொகுப்பு 2002இல்தான் வெளிவந்தது. சார்ல்ஸ் பிராட்லி 1962இல் சிறுவனாக அப்பல்லோ அரங்கில் ஜேம்ஸ் பிரவுனைக் கண்டு உள்ளம் பறிகொடுத்தவர். சமையல் வேலை செய்தும், ஜேம்ஸ் பிரவுன் வேடமிட்டுப் பாடியும் காலங்கழித்தார். 2011இல் தம் பெயரில் முதல் தொகுப்பை வெளியிட்டபோது அவர்க்கு வயது 62. இவர்கள் இருவரும் உயிரோடிருந்து பாடிக்கொண்டிருந்த ஆண்டுகளிலேயே அவ்விசைக்கு இரங்கற்பா பாடப்பட்டது. கலை மாளவில்லை, கதவுகள் மூடியிருந்தன. ஷேரன் ஜோன்ஸ் 2016இலும் பிராட்லி 2017இலும் மறைந்தனர். காலங்கடந்து கேட்ட செவிகளுக்குச் சில ஆண்டுகளே வாய்த்தன. இவ்விழப்புக்குப் பழமைப் பற்றாளரின் செவிட்டுத்தன்மையும் ஒரு காரணம் அன்றோ?

புதியோர் அனைவரும் சிறந்தோர் என்பது வாதமன்று. பழைய ஊதுகருவிகளின் முழக்கத்தையும் பழைய உடையையும் மட்டும் கடன் வாங்கி, சொந்தத் துயரும் மகிழ்வும் இன்றிப் பாடுவோர் உளர். அவர்களைப் போலி என்பது தகும். ஆனால் லியான் பிரிட்ஜஸ் 2015இல் வெளியிட்ட முதல் தொகுப்பில் தம் அன்னையின் வாழ்வையே பாட்டாக்கினார். உகாண்டாவிலிருந்து வந்த பெற்றோர்க்கு இலண்டனில் பிறந்த மைக்கேல் கிவானுகா, தம் பெயரையே தலைப்பாக்கிய தொகுப்பிற்கு 2020இல் மெர்க்குரி பரிசு பெற்றார். போதகரின் மகனாய்த் தேவாலயத்தில் இசை பயின்ற டி ஆஞ்சலோ, 2000இல் வெளியிட்ட 'வூடு' தொகுப்பில் தாளத்தைச் சற்றே பின்தங்கவிட்டுப் புதியதோர் நடையை ஆக்கினார், 2025இல் மறைந்தார். இவையெல்லாம் படியெடுப்பாயின் படைப்பு என்பது யாது?

பழமை என்பதனாலேயே ஒன்று நன்றாகிவிடாது, புதுமை என்பதனாலேயே தீதாகிவிடாது என்பதைச் சிவப்பிரகாசத்தின் அவையடக்கத்தில் உமாபதி சிவாசாரியார் தெளிவுறுத்தியுள்ளார். நூலுக்கு அவர் கூறிய நடுவுநிலை இசைக்கும் பொருந்தும். அதனை வகுப்பறையில் விளக்கும் ஆசிரியரும், தேர்வுக்கு எழுதும் மாணவரும் இசை கேட்கும்போது மட்டும் அதனைக் கைவிடலாகாது. சாம் குக்கின் பாட்டை வெட்டுண்ட கண்ணியோடு முழுமையாகக் கேட்க வேண்டும். பின்னணியில் இசைத்தோரின் பெயரறிந்து கேட்க வேண்டும். அதே செவியால், அதே பொறுமையோடு, இன்று முதன்முறை பாட வந்தவரின் தொகுப்பையும் இறுதிவரை கேட்க வேண்டும். கேட்டபின் தள்ளுவது தீர்ப்பு. கேளாமலே தள்ளுவது அநீதி. புகழ்மாலையைக் கல்லறைக்கென்றே கட்டி வைப்போர், பாடும் குரலுக்கு அதில் ஒரு மலரையேனும் இன்றே அளிப்பாராக.