6 மணி நேரக் காவல், 300 பவுன்!

பானையை உடைத்தவன் பானைக்கு விலை கொடுக்கிறான். அது நட்ட ஈடு. "உடைத்தால் என்ன செய்துவிடுவாய்?" என்ற கொழுப்புக்கு? அதற்கும் விலை வைத்திருக்கிறது சிவில் சட்டம். தண்டனை நட்ட ஈடு என்பது அதன் பெயர்.

ஆண்டு 1763. இடம் இலண்டன். மன்னரின் உரையைச் சாடிற்று 'நார்த் பிரிட்டன்' ஏட்டின் 45-ஆம் இதழ். சீறினர் ஆளவந்தார்! எழுதியவரை, அச்சிட்டவரை, வெளியிட்டவரைப் பிடித்துவர வாரண்டு பிறந்தது; பெயரே குறிப்பிடாத வாரண்டு! அகப்பட்டவர்களிலே ஒருவர் அச்சுத் தொழிலாளி ஹக்கிள். வாரக் கூலி ஒரு கினி. ஏறத்தாழ 6 மணி நேரம் காவலில் வைத்தனர். அடி இல்லை, உதை இல்லை. இறைச்சியும் பீரும்கூடக் கொடுத்தனர்!

வழக்குத் தொடுத்தார் தொழிலாளி, தம்மைப் பிடித்த அரசாங்கச் சேவகர்மீது. ஜூரிகள் அளித்தது 300 பவுன். 5 ஆண்டுக் கூலிக்கும் மேல்! மிக அதிகம் என்று முறையிட்டது எதிர்த்தரப்பு. தலைமை நீதிபதி பிராட் குறைக்க மறுத்தார். உடற்துன்பத்துக்கு மட்டும் என்றால் 20 பவுன் போதியிருக்கலாம். குடிமக்களின் உரிமையே மிதிபட்டதை ஜூரிகள் எடை போட்டனர் என்றார்.

பட்ட நட்டத்துக்கு மேல் ஒருவனுக்கு ஏன் பணம் என்று கேட்போர் உண்டு. அவர்களை நாம் கேட்கிறோம்: 20 பவுன்தான் விலை என்றால், அமைச்சர் நாளைக்கொரு தொழிலாளியைப் பிடிப்பார், நாளைக்கொரு 20 பவுனை வீசி எறிவார். அக்கிரமத்துக்கு அது தண்டனையா, வாடகையா?

1964-இல் இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை இந்த முறைக்கு எல்லை வகுத்தது. சட்டமே வெளிப்படையாக அனுமதிக்கும் இடங்கள் நீங்கலாக, இரண்டு வகைக்கு மட்டுமே என்றது. ஒன்று, அரசு ஊழியர் அதிகாரத் திமிரில் செய்யும் அடக்குமுறை. மற்றொன்று, கொடுக்கப்போகும் ஈட்டைவிட வரப்போகும் இலாபம் பெரிது என்று கணக்குப் பார்த்துச் செய்யும் தீங்கு. பதவியும் பணமும்! எளியவனை மிதிக்கும் இரு கால்களும் அவைதானே!

ஒரு கேள்வி மிச்சம். அதிகாரி செய்த கொடுமைக்கு அரசுக் கருவூலம் பணம் கட்டினால், தண்டிக்கப்படுபவர் யார்? வரி கொடுத்த நாம்! 1993-இல் லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் இந்திய உச்சநீதிமன்றம் விடை சொல்லிற்று: பாதிக்கப்பட்டவருக்குப் பொதுப்பணத்திலிருந்து உடனே கொடு, பிறகு பொறுப்பான அதிகாரிகளைக் கண்டுபிடித்து அவர்களிடம் வசூல் செய்.

கொடுப்பது பாதி நீதி. வசூலிப்பதுதான் மீதி நீதி. அந்த மீதியைக் கேட்கத் தவறாதீர், தோழர்களே!