தண்ணியில்லாத காடா? யாரைச் சொல்றீங்க?

போன வாரம் ஆபீஸ் கேண்டீன்ல நண்பர் ஒருத்தர் ஜெய்சல்மேர் போய்ட்டு வந்த போட்டோக்களைக் காட்டிக்கிட்டிருந்தார். மணல்மேடு, ஒட்டகம், கூலிங்கிளாஸ். "உனக்கென்னப்பா, கோவில்பட்டிக்காரன், சொந்த ஊரே பாலைவனம்" என்று ஒரு பஞ்ச் வேற. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சு வச்சேன். அப்படிச் சிரிச்சதுதான் ராத்திரி தூங்க விடலை. அதான் இந்தப் பதிவு.

மொதல்ல கணக்கைப் பார்ப்போம் மக்களே. ஜெய்சல்மேரில் வருஷத்துக்கு சுமார் 200 மி.மீ. மழை. தூத்துக்குடி மாவட்டத்தில் 600-க்கும் மேலே. பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிடும். கரிசல் மண் அதைக் குடிச்சு வச்சுக்கும். அந்த ஈரத்தை நம்பித்தான் உளுந்து, பாசி, கம்பு, சோளம், பருத்தி எல்லாம். நீங்க சித்திரையில் ஏசி கார் கண்ணாடி வழியா நாலு வெடிப்பைப் பார்த்துட்டு 'பாலைவனம்'னு தீர்ப்பு எழுதுறீங்க. காய்ஞ்சா வெடிக்கிறது கரிசலோட குணம் சாமி, சாவு இல்லை.

ராஜஸ்தான் வெயில் காசு குடுத்துப் பார்க்கிற 'அனுபவம்'. எங்க வெயில் மட்டும் தண்டனை. சினிமாவில் மேலதிகாரி மிரட்டுவாரே, "தண்ணியில்லாத காட்டுக்கு மாத்திடுவேன்"னு. அந்தக் காட்டிலும் மனுஷன் குடியிருக்கான் சார்!

கோவில்பட்டிக்குத் தெற்கே ரோட்டோரம் இடைசெவல்னு ஒரு சின்ன ஊர். கு.அழகிரிசாமி, கி.ராஜநாராயணன் ரெண்டு பேருக்கும் அதுதான் சொந்த ஊர். சின்ன வயசிலிருந்தே கூட்டாளிங்க. 1970-ல் ஒருத்தருக்கு, 1991-ல் இன்னொருத்தருக்கு சாகித்ய அகாதமி விருது. இந்த மண்ணோட பேச்சுக்குன்னு தனியா ஒரு அகராதியே போட்டவர் கி.ரா. வெறும் மணல்ல இத்தனை சொல் முளைக்குமா?

வறட்சியே இல்லைன்னு நான் சொல்ல வரலை. 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தபோது தமிழ்நாடே தவிச்சது, மானாவாரி விவசாயி சும்மா தப்பிச்சிருப்பானா? பிழைப்புக்கு ஊரை விட்டு வந்தவன்தான் நானும். ஆனா வறட்சி வேற, பாலைவனம் வேற. வறட்சின்னா கேள்வி கேட்கலாம். கண்மாயை ஏன் தூர்வாரலை? பயிர்க் காப்பீட்டுப் பணம் எங்கே? பாலைவனம்னு சொல்லிட்டா கேள்வியே கிடையாது, தலைவிதின்னு போயிடலாம். ஒரு சொல்லுக்கு நான் இவ்வளவு குதிக்கிறது அதுக்காகத்தான்.

அடுத்த தடவை மார்கழியில் வாங்க. கறுப்பு மண்ணில் பச்சையைப் பாருங்க. மேற்கே கழுகுமலையில் வெட்டுவான் கோயில், கிழக்கே எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீடு. ஒட்டகம் மட்டும் கிடைக்காது, மன்னிச்சுக்கோங்க.

டிஸ்கி: அந்த நண்பர் போன தீபாவளிக்கு என்னை வாங்கிட்டு வரச் சொன்னது கோவில்பட்டி கடலைமிட்டாய், 2020-ல் புவிசார் குறியீடு வாங்கினதேதான். பாலைவனத்துச் சரக்குன்னு தெரிஞ்சேதான் ரெண்டு பாக்கெட்டைக் காலி பண்ணார்!