பத்து தலை உள்ளவர் மட்டும் விண்ணப்பிக்கவும்

மக்களே, எங்க ஆபீஸ்ல டேட்டா சயின்டிஸ்ட் தேடுறாங்க. விளம்பரத்தை என்கிட்ட காட்டினாங்க. பைத்தான், ஆர், ஸ்பார்க், ஹடூப், டேப்லோ, டீப் லேர்னிங், எல்லாம் கட்டாயமாம். இராவணனுக்கே பத்து தலைதான்யா! என்ன பிரச்சினையைத் தீர்க்கணும், டேட்டா எந்த நிலைமைல இருக்கு, சம்பளம் எவ்வளவு? மூச்!

2020-ல ஒரு விளம்பரம் ஃபாஸ்ட்ஏபிஐ-யில 4 வருஷ அனுபவம் கேட்டுச்சு. அதை உருவாக்கின செபாஸ்டியன் ராமிரெஸுக்கே அப்ப ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்துச்சு!

விஷயம் தெரிஞ்சவங்க இந்தப் பட்டியலைப் பார்த்ததும் ஒதுங்கிடுவாங்க. அடிச்சு விடறவன்தான் வருவான். அப்புறம் 'நல்ல ஆளே கிடைக்கல'ன்னு புலம்பல்.

நான் மூணே வரி எழுதிக் குடுத்தேன்: தீர்க்க வேண்டிய பிரச்சினை, கட்டாயம் வேணுங்கிற ரெண்டு திறமை, சம்பளம். மேனேஜர் மூணாவது வரியை அடிச்சுட்டார். வெளங்கிரும்!