‘ஃபில்டர் ஓடுது, இன்னும் பத்து மீன் விடலாம்’ என்பது சரியா?

வண்ணமீன் தொட்டி வாங்குகிற எல்லோருக்கும் கிடைக்கும் அறிவுரை ஒன்று உண்டு: நல்ல ஃபில்டர் போடுங்க, மாசம் ஒருமுறை கழுவிடுங்க, எத்தனை மீன் வேணும்னாலும் விடலாம். இதை நம்பிய வீடுகளில் முதல் மாதத்திலேயே மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்து மிதக்கின்றன. ராசியில்லை என்கிறார்கள், திருஷ்டியை மீன் வாங்கிக்கொண்டது என்கிறார்கள். அடுத்த வாரமே புதிய ஜோடியை வாங்கி விடுகிறார்கள். குற்றம் ராசியில் இல்லை, அந்த அறிவுரையில் இருக்கிறது. அதற்குச் சொல்லப்படும் நியாயங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

“தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கே!”

மீனைக் கொல்வது கண்ணுக்குத் தெரிவதில்லை. தீனியிலுள்ள புரதம் செரித்த பிறகு, கழிவு நைட்ரஜனில் பெரும்பகுதி அமோனியாவாகச் செவுள் வழியே வெளியேறுகிறது. அதற்கு நிறமில்லை. அதன் கொடுமையைத் தீர்மானிப்பது தண்ணீரின் பி.எச். அளவு. 25 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 என்றால், மொத்த அமோனியாவில் நச்சு வடிவில் இருப்பது 1 சதவீதத்துக்கும் குறைவு. பி.எச். 8 ஆனால் 5 சதவீதத்தைத் தாண்டிவிடும். காரத்தன்மை கொண்ட போர் தண்ணீர் ஊற்றும் வீட்டில், பக்கத்து வீட்டில் பிழைத்த அதே எண்ணிக்கை மீன்கள் சாவதற்கு இது ஒரு காரணம். சோதனைக் குழாயில் கொஞ்சம் தொட்டித் தண்ணீரை எடுத்து, அமோனியா டெஸ்ட் கிட்டின் சொட்டுகளை விட்டுப் பாருங்கள். மஞ்சளாகவே நின்றால் நிம்மதி. பச்சைக்குத் திரும்பினால் ஆபத்து. பளிச்சென்று தெளிந்த தண்ணீரும் பச்சை காட்டும்.

“ஃபில்டர் எல்லாத்தையும் எடுத்துடும்”

இதில் பாதி உண்மை இருக்கிறது. ஸ்பான்ஜ் தூசியைப் பிடிக்கும். அதைவிட முக்கியமாக, அதில் குடியிருக்கும் பாக்டீரியாக்களில் ஒரு வகை அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் நஞ்சுதான், ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போய், சிவந்த செவுள் பழுப்பாகிவிடும். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். இந்தக் குடித்தனம் புதுத் தொட்டியில் நிலைபெறப் பொதுவாக 4 முதல் 6 வாரம் ஆகும். முதல் நாளே இருபது மீன் விட்டால், ஃபில்டர் ஓடும், வேலை மட்டும் நடக்காது.

எல்லாம் நிலைபெற்ற பிறகும் கணக்கு முடிவதில்லை. 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரமுள்ள தொட்டி முழுதாக நிறைந்தால் சுமார் 56 லிட்டர். கூழாங்கல், மேலே விடும் இடைவெளி போக 45 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். தினம் ஒரு கிராம் தீனி போட்டால், அதிலிருந்து ஏறக்குறைய 30 மில்லிகிராம் அமோனியா நைட்ரஜன் வரும். பாக்டீரியா அதை முழுதாக மாற்றினால், லிட்டருக்கு நாளொன்றுக்கு 3 மில்லிகிராம் நைட்ரேட் சேரும், வாரத்துக்கு 21. செடி இல்லாத தொட்டியில் ஃபில்டர் இதற்கு மேல் ஒன்றும் செய்யாது. அதை வெளியேற்றுவது நீங்கள் மாற்றும் தண்ணீர்தான். வாரம் 30 சதவீதம் மாற்றினால், ஒவ்வொரு முறையும் மாற்றுவதற்கு முன் நைட்ரேட் ஏறக்குறைய 70-ல் வந்து நிற்கும். மீனை இரட்டிப்பாக்கித் தீனியையும் 2 கிராம் ஆக்கினால் 140. வளர்ப்பவர்கள் பொதுவாக வைத்துக்கொள்ளும் வரம்பு 40.

கரண்ட் போனால் என்னாகும் என்பதையும் யோசிக்க வேண்டும். 30 டிகிரியில் தண்ணீர் தாங்கும் ஆக்சிஜனே லிட்டருக்கு 7.5 மில்லிகிராம்தான். மீன் நெருக்கம் கூடக் கூட அது தீரும் நேரம் குறையும்.

“ஒரு இஞ்ச் மீனுக்கு ஒரு காலன் தண்ணி, அவ்ளோதான்”

ஒரு இஞ்ச் கப்பி பத்தும், பத்து இஞ்ச் ஆஸ்கார் ஒன்றும் இந்தக் கணக்கில் சமம். ஆனால் நீளம் பத்து மடங்கானால், அதே உடல்வாகில் எடை ஏறக்குறைய ஆயிரம் மடங்காகும். ஆக, அந்த ஒற்றை ஆஸ்காரின் எடை பத்துக் கப்பிகளின் மொத்த எடையைப் போல் நூறு மடங்கு. சின்ன மீன்களுக்கு ஓரளவு பொருந்தும் விதியைப் பெரிய மீனுக்கு நீட்டக் கூடாது.

“கடையில் ஒரே தொட்டியில நூறு மீன் இருக்கே?”

அங்கே மீன் தங்குவது சில நாள்தான். தீனி குறைவாக விழுகிறது, தண்ணீர் அடிக்கடி மாறுகிறது. உங்கள் வீட்டில் அது வருடக்கணக்கில் வாழ வேண்டும்.

“தொட்டிக்குத் தக்கபடிதான் வளரும்”

வளராது என்பது வேறு, வளர முடியாமல் நலிவது வேறு. கோல்டு ஃபிஷ் நல்ல இடம் கிடைத்தால் ஓர் அடி வரை வளரும், இருபது ஆண்டுக்கு மேலும் வாழும். இங்கிலாந்தில் டிஷ் என்ற கோல்டு ஃபிஷ் 43 ஆண்டு வாழ்ந்து 1999-ல் இறந்தது. உருண்டைப் பவுலில் சில மாதத்தில் சாகும் கோல்டு ஃபிஷுக்கு அதுவே ஆயுள் என்று சொல்வது அநியாயம். ‘தொட்டியைச் சுத்தம் செய்யும்’ என்று விற்கப்படும் சக்கர் மீனும் ஓர் அடியைத் தாண்டும். அதுவும் கழிவைக் கூட்டத்தான் செய்கிறது. வளர்ந்ததும் ஏரியில் விட்டுவிடுகிறார்கள். அங்கே பெருகி நாட்டு மீன்களை நெருக்குகிறது.

“மாசம் ஒருமுறை மொத்தமா கழுவினா சரியாயிடும்”

நெருக்கத்தை விட மோசமான வைத்தியம் இது. ஸ்பான்ஜைக் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் பிழிந்து, கல்லையும் தேய்த்துக் கழுவினால் பாக்டீரியா அழிந்துபோகும். தொட்டி மறுபடி முதல் நாளுக்குத் திரும்பும். வாரம் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரைக் குளோரின் நீக்கி மாற்றுங்கள். ஸ்பான்ஜை வெளியே எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள்.

அப்படியானால் எத்தனை மீன் விடலாம்? நாலைந்து சிறு மீனில் தொடங்குங்கள். அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியத்துக்கு வந்து நிலைத்த பிறகு இரண்டிரண்டாகச் சேருங்கள். தவறாமல் தண்ணீர் மாற்றியும் நைட்ரேட் 40-ஐத் தாண்டுகிறதென்றால் தொட்டி நிறைந்துவிட்டது. கண்ணுக்கு எவ்வளவு காலியாகத் தெரிந்தாலும் இன்னொரு மீன் வேண்டாம். ஆற்று மீன் கெட்ட தண்ணீரை விட்டு விலகிப் போகும். தொட்டி மீனுக்கு அந்த வழி இல்லை. அதனால் அளவறிந்து விடும் கடமை முழுவதும் நம்முடையது.