கிரீடத்தைக் கழற்றச் சொல்லும் பாட்டு

திருச்சி புத்தூர் பக்கம் போகிறவர்களுக்கு பிஷப் ஹீபர் என்றால் ஒரு கல்லூரி, ஒரு பேருந்து நிறுத்தம். அந்தப் பெயருக்கு உரியவர் உலகமெங்கும் ஆலயங்களில் பாடப்படும் ‘ஹோலி, ஹோலி, ஹோலி’ என்ற துதிப்பாட்டை எழுதியவர் என்பதும், அவர் இறந்ததே திருச்சியில்தான் என்பதும் அந்தப் பாட்டைத் தமிழில் பாடுகிற பலருக்கே தெரியாது.

ரெஜினால்ட் ஹீபர் இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் ஹாட்னெட் என்ற கிராமத்து ஆயராக இருந்தவர். அன்றைய ஆங்கிலத் திருச்சபையில் ஆராதனை நேரத்துப் பாட்டு என்றால் பெரும்பாலும் செய்யுளாக்கிய சங்கீதங்கள்தான். புதுப் பாட்டுகளை மேலிடம் சந்தேகக் கண்ணோடு பார்த்தது. ஆண்டின் ஒவ்வொரு ஞாயிறுக்கும் பொருத்தமான பாட்டுகளைத் தொகுத்து ஹீபர் அனுமதி கேட்டார், கிடைக்கவில்லை. அந்த வரிசையில் திரித்துவ ஞாயிறுக்காக எழுதியதுதான் இந்தப் பாட்டு. அவர் இறந்த மறு ஆண்டு, 1827-ல், மனைவி அமீலியா முழுத் தொகுப்பையும் வெளியிட்டார். 1861-ல் ஜான் பாக்கஸ் டைக்ஸ் இதற்கு ஒரு ராகம் அமைத்து, திரித்துவக் கோட்பாட்டை அறிக்கையிட்ட 325-ஆம் ஆண்டு நிசேயா சங்கத்தின் நினைவாக ‘நைசீயா’ என்று பெயரிட்டார். ஆர்கனில் முதல் மூன்று சுரங்கள் ஏறும்போதே சபை எழுந்து நிற்கும். அவ்வளவு கம்பீரம்.

அந்தக் கம்பீரமே பாட்டுக்கு ஒரு விதத்தில் கேடாகவும் முடிந்தது. ராகத்தின் சுகத்தில், ஹீபர் எந்த வேதப் பகுதிகளின் மேல் நின்று எழுதினார் என்பது காதில் விழுவதில்லை. அந்தப் பகுதிகள் இரண்டும் சுகமானவை அல்ல. ஒன்று ஏசாயா 6, மற்றொன்று வெளிப்படுத்தின விசேஷம் 4.

ஏசாயாவின் தரிசனம் ஒரு சாவுச் செய்தியோடு தொடங்குகிறது: உசியா ராஜா மரணமடைந்த வருஷம். கி.மு. எட்டாம் நூற்றாண்டில் எருசலேமை 52 ஆண்டுகள் ஆண்டவன் உசியா. கோட்டை கட்டினான், கிணறு வெட்டினான், படை பெருக்கினான். பலம் கூடியபின் மனம் மேட்டிமையானது என்கிறது இரண்டாம் நாளாகமம் 26. ஆசாரியர்கள் மட்டுமே செய்ய வேண்டிய தூபப் பணியைச் செய்ய, தூபகலசத்தோடு ஆலயத்துக்குள் நுழைந்தான். எண்பது ஆசாரியர்கள் மறித்து நின்றார்கள். அவர்களிடம் கோபத்தில் சீறியபோது நெற்றியில் குஷ்டம் தோன்றியது. சாகும்வரை தனி வீட்டில் ஒதுக்கி வைக்கப்பட்டான்.

தன் தகுதியைத் தலையில் சுமந்தபடி சந்நிதிக்குள் வரலாம் என்று நினைத்த அந்த ராஜா செத்த ஆண்டில்தான், உயரமான சிங்காசனத்தில் வேறொரு ராஜாவை ஏசாயா காண்கிறான். சுற்றிலும் சேராபீன்கள், ஒவ்வொன்றுக்கும் ஆறு சிறகுகள். பறப்பதற்கு இரண்டுதான். இரண்டு முகத்தை மூட, இரண்டு கால்களை மூட. தேவதூதர்களே பார்க்கத் துணியாத இடம் அது. பரிசுத்தர் என்று அவர்கள் மூன்று முறை கூப்பிடும் சத்தத்தில் வாசல் நிலைகள் அசைகின்றன, ஆலயம் புகையால் நிறைகிறது. அந்த மும்முறையில் கிறிஸ்தவர்கள் திரித்துவத்தின் சாயலைக் கண்டார்கள். ஹீபரும் அப்படித்தான் பாட்டை முடிக்கிறார். யூதர்கள் திரித்துவத்தை ஏற்பதில்லை. ஆனாலும் இதே அறைகூவலைத் தங்கள் கெதுஷா ஜெபத்தில் சொல்லும்போது, ஒவ்வொரு முறையும் குதிகாலை உயர்த்தி நுனிக்காலில் எழுகிறார்கள்.

ஏசாயா பாடவில்லை. ஐயோ, அதமானேன் என்று அலறுகிறான். அசுத்த உதடுகள் உள்ளவன் என்று தன்னைச் சொல்கிறான். தன் ஜனமும் அப்படித்தான் என்கிறான். ஒரு சேராபீன் பலிபீடத்து நெருப்புத்தழலைக் குறட்டால் எடுத்து வந்து அவன் வாயைத் தொடுகிறது. ஹீபரின் பாட்டில் தழல் இல்லை. பாவக் கண்ணுக்கு மகிமை மறைந்திருக்கிறது என்று மூன்றாம் சரணத்தில் சொல்லிக் கடந்துவிடுகிறார். ஒரு துதிப்பாட்டில் அதற்கு மேல் இடமில்லாமல் இருக்கலாம். ஆனால் சுடாத பரிசுத்தம் ஏசாயாவுக்குத் தெரியாது.

இரண்டாம் சரணம் வேறு வகை. அங்கே ஹீபர் பத்மு தீவின் யோவானைப் பின்பற்றுகிறார்: கண்ணாடிக்கடல், சிங்காசனம், அதன் முன் தங்கள் பொற்கிரீடங்களைக் கழற்றி வைக்கும் பரிசுத்தவான்கள். வெளிப்படுத்தின விசேஷத்தில் இவர்கள் 24 மூப்பர்கள். கிரீடத்தைக் கழற்றுவது வெறும் பக்திப் பாவனை என்று முதல் நூற்றாண்டு வாசகன் எடுத்துக்கொண்டிருக்க மாட்டான். கி.பி. 63-ல் ஆர்மீனியாவின் திரிதாத்து, ரோமானியத் தளபதிகள் பார்த்திருக்க, நீரோ மன்னனின் சிலைக்கு முன் தன் மகுடத்தை இறக்கி வைத்ததை வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதியிருக்கிறார். யாருடைய தயவில் ஆள்கிறாய் என்பதற்கான பகிரங்க பதில் அது. சீசருக்குச் செய்ய வேண்டிய அந்தச் சடங்கையே யோவான் எடுத்து, சீசர் அல்லாத ஒருவரின் முன் நடத்திக் காட்டுகிறார். பாட்டின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது: பரிசுத்தர் என்று வாய் சொல்ல வேண்டுமானால், கை தலைக்குப் போக வேண்டும்.

இதை எழுதியவரின் தலையில் கிரீடம் இல்லாமலா? 1819-ல், ஆசியாவைக் கண்ணால் பார்ப்பதற்கு முன், மிஷன் நிதி திரட்டலுக்காக அவர் எழுதிய இன்னொரு பாட்டில், இலங்கையின் இயற்கையை மெச்சி, அங்கே வாழும் மனிதரை மட்டும் இழிந்தவர் என்று ஒரு வரியில் தள்ளினார். 1925-ல் கல்கத்தாவில் மிஷனரிகளிடம் பேசிய காந்தி அந்த வரியைச் சுட்டிக் காட்டித் தன் வருத்தத்தைச் சொன்னார். ஒரே பேனா இரண்டையும் எழுதியிருக்கிறது.

1823-ல் கல்கத்தாவின் பேராயராக வந்த ஹீபர், 1826 மார்ச் 26-ஆம் தேதி ஈஸ்டரைத் தஞ்சாவூரில் கொண்டாடினார். தமிழ்ச் சபையாருக்குத் தமிழிலேயே ஆசி கூறினார். மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்த தஞ்சை மன்னர் சரபோஜியைச் சந்தித்தார். அந்தச் சபையில் அப்போது எரிந்துகொண்டிருந்த பிரச்சினை ஆலயத்துக்குள் தனித்தனி இருக்கை, திருவிருந்தில் யாருக்குப் பின் யார் பாத்திரத்தில் வாய் வைப்பது என்பது. சாதி. அதைப் பற்றி ஒரு மிஷனரிக்குக் கேள்விகள் எழுதி அனுப்பினார் ஹீபர், விசாரணைக்கு ஏற்பாடும் செய்தார். ஆனால் அது சமூக மரியாதை வேறுபாடாக இருந்தால் சற்றுப் பொறுத்துப் போகலாம் என்பதே அவருடைய மனச்சாய்வு. அடுத்த வாரமே, ஏப்ரல் 3 திங்கட்கிழமை, திருச்சிக் கோட்டைப் பகுதித் தமிழ்ச் சபையாருக்குத் திடப்படுத்தல் நடத்திவிட்டுத் தங்கியிருந்த வீட்டுக்குத் திரும்பிக் குளிக்க இறங்கியவர், தண்ணீரிலேயே இறந்துபோனார். வயது 42. தூய யோவான் ஆலயத்துக்குள் அடக்கம் செய்தார்கள்.

பின்னால் வந்த பேராயர் டேனியல் வில்சன் பொறுத்துப் போகவில்லை. சபைக்குள் சாதி உடனடியாக ஒழிய வேண்டும் என்று 1833-ல் உத்தரவிட்டார். வேப்பேரியிலும் தஞ்சையிலும் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். அதற்கு முன்பே, சேர்ந்து உட்காரச் சொன்ன மிஷனரிகளை எதிர்த்து எழுதியவர்களில் ஒருவர் வேதநாயகம் சாஸ்திரியார். இன்றும் தமிழ்க் கிறிஸ்தவர்கள் உருகிப் பாடும் கீர்த்தனைகளைத் தந்தவர். வில்சனின் தோரணையில் ஆள்கிற இனத்தின் அதிகாரம் இருந்தது, மறுப்பதற்கில்லை. என்றாலும் இந்தப் பாட்டின் இரண்டாம் சரணத்துக்கு, அதை எழுதியவரைவிட வில்சனே நெருக்கமாக நின்றார் என்றுதான் சொல்ல வேண்டும். கிரீடம் கழற்றும் காட்சியில் ‘சற்றுப் பொறுத்து’ என்று ஒரு மூப்பரும் கேட்கவில்லை.

இது பழங்கதையும் அல்ல. ஹீபர் இறந்த அதே திருச்சியில், மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகளைப் பிரித்து நிற்கும் சுவர் பல ஆண்டுகளாகச் செய்திகளில் அடிபடுகிறது. கத்தோலிக்கத் திருப்பலியிலும் இதே மும்முறைப் பரிசுத்தர் உண்டு. எந்தப் பிரிவும் இதில் இன்னொன்றைக் கைகாட்டித் தப்ப முடியாது.

செய்யக்கூடியது ஒன்று உண்டு, அது சின்ன வேலைதான். உலகின் பல சபைகள் பின்பற்றும் மூன்றாண்டு வாசகப் பட்டியலில், இரண்டாம் ஆண்டின் திரித்துவ ஞாயிறுக்கு ஏசாயா 6 வருகிறது. ஆனால் எட்டாம் வசனத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். என்னை அனுப்பும் என்று தீர்க்கதரிசி முன்வரும் இடம் அது. எங்கே அனுப்பப்படுகிறான் என்பது ஒன்பது முதல் பதின்மூன்று வரை இருக்கிறது: கேட்டும் உணராத ஜனத்திடம், பட்டணங்கள் குடியற்றுப் பாழாகும்வரை. அந்த ஐந்து வசனங்களையும் சேர்த்து வாசிக்க இரண்டு நிமிடம்கூட ஆகாது. வாசித்துவிட்டு, நேரமில்லை என்று இரண்டாம் சரணத்தை விடாமல் நான்கையும் பாடட்டும்.